ஆளில்லாத சங்கு

பொட்டலூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சம் என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஊர் முழுக்க அவர்கள்தான், ஒருத்தர்கூட மிச்சமில்லை. வந்த வம்பெல்லாம் அதனால்தான் வந்தது.

நிலக்கடலை விளைகிற செம்மண் பூமி அது. விதைப்பார்கள், களை கொத்துவார்கள், பிடுங்குவார்கள், உடைத்துத் தோலை ஊதித் தள்ளிவிட்டு வாயில் போட்டுக்கொள்வார்கள். அதற்கு அப்பால் உலகத்தில் என்ன நடக்கிறது என்று விசாரிக்க அவர்களுக்கு நேரம் வாய்த்ததில்லை.

அந்த ஊரில் சங்கு ஊதுகிற உரிமை தவசியாண்டியுடையது. ஐயனார் கோயில் புரவியெடுப்பு அன்றைக்கு, குதிரை செய்கிற வேளார் வீட்டு வாசலில் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். தவசி சங்கை ஊதினால்தான் அவற்றைக் கோயிலுக்குத் தோளில் தூக்குவார்கள். அந்த ஒரு நாளுக்காக மனுஷன் வருஷம் முழுக்க மூச்சைச் சிக்கனமாகச் செலவழிப்பான். அடுப்பு எரியவில்லை, கொஞ்சம் ஊது என்று பெண்டாட்டி காத்தாயி சொன்னால், "இது சாமிக்கு வச்ச மூச்சுடி" என்று விசிறியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் போய்விடுவான்.

சங்கைக் கொடுத்த அன்றைக்கு அவன் அப்பன், "உள்ளே எட்டிப் பாக்காதே, சாமி இருக்கு" என்று சொல்லியிருந்தார். தவசி சொன்ன சொல் தட்டாதவன். ஒரு நாளும் பார்த்ததில்லை. அதனால் உள்ளே குளவி கூடு கட்டியதும் அவனுக்குத் தெரியாது. சங்கின் குரல் கம்மிப்போயிற்று. ஊருக்கெல்லாம் யோசனை சொல்லும் நல்லாண்டி வந்து பார்த்துவிட்டு, "சாமி அசந்து தூங்குது. லேசாத் தட்டி எழுப்பு" என்றான். தவசி லேசாகத்தான் தட்டினான். கையில் இருந்தது உலக்கை.

சில்லுகளைப் பார்த்துவிட்டு ஊர்த்தலைவர் உடையப்ப அம்பலம் தீர்ப்புச் சொன்னார்.

"புரவியெடுப்புக்குள்ள வேற சங்கு கொண்டு வந்துரு தவசி. இல்லேன்னா உன் மச்சான் சேவுகனைக் கூப்பிட்டு எக்காளம் ஊதச் சொல்லிருவோம். ஒரு தடவை ஊதிட்டான்னா உரிமை அவன் வீட்டுக்குப் போயிரும், அப்புறம் என்னைக் குத்தம் சொல்லப்படாது."

சேவுகன் காத்தாயியின் அண்ணன், பக்கத்து ஊர்க்காரன். கல்யாணத்தன்றே, "என் எக்காளத்துக்கு முன்னால உங்க சங்கெல்லாம் எம்மாத்திரம் மாப்பிள்ளை?" என்று சபையில் கேட்டவன். அவனிடம் உரிமையைக் கொடுத்துவிட்டு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியுமா?

விடிந்ததும் அம்பலம், நல்லாண்டி, தவசி மூவரும் வண்டி கட்டிச் சமுத்திரத்துக்குக் கிளம்பினார்கள்.

சமுத்திரத்தைப் பார்த்ததும் அம்பலத்துக்கு மனசே ஆறவில்லை. "அடப்பாவிகளா, இவ்வளவு தண்ணியைப் பாய்ச்சிட்டு ஒரு செடிகூட வைக்கலையே! கேட்பாரில்லாத ஊரா இது?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கரையில் சேசடியான் என்று ஒரு முக்குளிப்புக்காரர், அப்போதுதான் கடலுக்கடியிலிருந்து எடுத்துவந்த சங்குகளைக் கொட்டிக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டு, நல்லதாக ஒன்றைப் பொறுக்கித் தவசி கையில் வைத்தார். மேலே பழுப்பாகத் தோல் படர்ந்திருந்தது. வாயில் கொழகொழவென்று ஏதோ அசைந்தது.

"ஐயோ, உள்ளே ஆள் இருக்காரு!" என்றான் தவசி.

"சங்குப் பூச்சிய்யா அது. உசுரோடதான் இருக்கு. ஓடு கட்டுனதே அதுதானே? பொறக்கும்போதே சின்னதா ஒரு ஓட்டோட வெளிய வரும். ஒடம்பு வளர வளர, வாய்ப்பக்கமா சுத்திச் சுத்திக் கட்டிக்கிட்டே போகும்."

"கொத்தனார் வைக்கிறதில்லையா?" என்று அம்பலம் கேட்டார்.

"எல்லாம் அதுவேதான்."

தவசிக்கு மேல் சிலிர்த்துவிட்டது. அப்பா சொன்ன சாமி இவர்தான்! இத்தனை காலமும் தான் ஊதுவதாக நினைத்தது தப்பு. தான் வாசலில் நின்று கூப்பிட்டதோடு சரி, சத்தம் கொடுத்தது உள்ளே இருந்தவர். பயபக்தியோடு வாயை வைத்தான். உள்ளே இருந்தவர் விருட்டென்று சுருங்கி, நகம் மாதிரி ஒரு மூடியால் வாசலை அடைத்துக்கொண்டார்.

"கதவைச் சாத்திட்டாரே!"

"புது ஆளுன்னா கூச்சம் இருக்கத்தானே செய்யும்," என்றான் நல்லாண்டி. "நீ யாரு, என்ன வம்சம்னு சொல்லிட்டு ஊது."

தவசி தன் வம்சத்தைச் சொன்னான். கதவு திறக்கவில்லை. சேசடியான் சிரித்துச் சிரித்து மணலில் உட்கார்ந்துவிட்டார்.

"இப்படியே ஊத முடியாதுய்யா. கொண்டுபோய் மண்ணுல புதைச்சு வை. நாத்தம் கிளம்பும், பயப்படாதே. நாத்தம் அடங்குனதும் தோண்டி எடு. அப்புறம் அதோட நுனியை..."

"போதும் போதும்," என்று அம்பலம் கும்பிடு போட்டார். "மண்ணுல புதைக்கிறதைப் பத்தி எங்களுக்கேவா சொல்றீக?"

ஊருக்கு வந்ததும் பெரிய விவாதம். ஓட்டுக்குள் இருப்பதெல்லாம் மண்ணுக்குள்தான் முற்றும் என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை. மழையை நம்புகிற மானாவாரியா, தண்ணீர் இறைத்துப் பாய்ச்சுகிற இறவையா என்பதில்தான் சண்டை.

"அவரு தண்ணியிலயே இருந்தவரு. இறவைதான்," என்றான் நல்லாண்டி.

"வெறும் தண்ணியா ஊத்தினா ருசி மாறிப்போவாரு. உப்புப் போடணும்," என்றார் அம்பலம்.

தவசி தன் காட்டிலேயே நல்ல இடமாகப் பார்த்துக் குழி தோண்டிச் சங்கைப் படுக்க வைத்து மூடினான். காலையும் மாலையும் உப்புத் தண்ணீர் ஊற்றினான். ஆடு மேயாமல் முள்வேலி போட்டான். காக்காய்க்குப் பயந்து, காத்தாயியின் சேலையைச் சோளக்கொல்லைப் பொம்மைக்குக் கட்டி நிறுத்தினான். காத்தாயி சேலையைத் தேடி வந்தபோது, "சாமி காரியம்" என்று சொல்லித் தப்பித்தான்.

கொஞ்ச நாளில் நாற்றம் கிளம்பியது. சாதாரண நாற்றமா அது? வழியில் போன மாடுகள் வேறு பாதை பிடித்தன. அம்பலம் மட்டும் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு முகம் மலர்ந்தார். "சேசடியான் சொன்னது சொன்னபடி நடக்குது. எரு நல்லாப் பிடிச்சிருக்கு!"

நாற்றமும் ஒரு நாள் அடங்கியது. புரவியெடுப்பன்று காலையில் ஊரே காட்டுக்குத் திரண்டது. தவசி குளித்து, திருநீறு பூசி, மண்ணை விலக்கிச் சங்கை எடுத்தான். தண்ணீர் விட்டு அலம்பித் தோலைச் சுரண்டினான். அப்படி ஒரு வெள்ளை! எல்லோரும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

நல்லாண்டி அதை வாங்கிக் காதோரம் வைத்துக் குலுக்கினான். முற்றின நிலக்கடலை என்றால் உள்ளே பருப்பு கலகலக்கும். இதில் ஒரு சத்தமும் இல்லை. உள்ளே பார்த்தான். அவன் முகம் கறுத்துப்போயிற்று.

"தவசி, மனசைத் தேத்திக்க. பொக்கு."

பருப்பு வைக்காத கடலைக்கு அந்த ஊரில் அதுதான் பேர். தவசி தரையில் உட்கார்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதான். "என் கையால தண்ணி ஊத்தினேனே! கும்பிட்டுக் கும்பிட்டு வளத்தேனே! உள்ளே ஒருத்தரும் இல்லையே!"

"மூலையில அரைப் பருப்பாவது ஒட்டியிருக்கும், அழாதே," என்று நல்லாண்டி கடலையை உடைக்கிற மாதிரி கல்லில் வைத்து ஒரு தட்டுத் தட்டினான். நுனி மட்டும் அழகாக உதிர்ந்தது. உடைத்தால் தோலை ஊதித் தள்ளுவது பொட்டலூர்ப் பழக்கம். தவசி அழுதுகொண்டே அதை வாங்கி, நுனியில் வாயை வைத்து ஊதினான்.

பூ...ம்!

காடே அதிர்ந்தது. அந்தச் சத்தம் வேளார் வீட்டு வாசலுக்கும் எட்டியது. காத்திருந்தவர்கள், "ஐயனாரே!" என்று குதிரைகளைத் தோளில் தூக்கிவிட்டார்கள்.

"இறக்குங்க, இறக்குங்க!" என்று அம்பலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினார். ஊரும் பின்னால் ஓடியது. "அது சங்கு இல்லை, பொக்கு!"

"சத்தம் வந்துச்சேய்யா?" என்றார் வேளார்.

"சத்தம் வந்தாப் போதுமா? உள்ளே ஆள் இல்லையே! ஆளில்லாத வீட்டுல சத்தம் வந்தா அதுக்கு வேற பேரு."

வேளாருக்கும் நியாயமாகப் பட்டது. குதிரைகள் கீழே இறங்கின.

அங்கே எக்காளத்தைத் துடைத்துக்கொண்டு தயாராக நின்ற சேவுகன் முன்னால் வந்தான். "விலகுங்க மாப்பிள்ளை. நான் ஊதுறேன்." தவசிக்கு உயிரே போய்விட்டது. ஆனால் அம்பலம் ஒரு கண்ணில் வெண்ணெயும் ஒரு கண்ணில் சுண்ணாம்பும் வைக்கிறவர் இல்லை. எக்காளத்தை வாங்கி வெளிச்சத்துக்குத் தூக்கிப் பார்த்தார். இந்தப் பக்கம் கண் வைத்தால் அந்தப் பக்கம் வானம் தெரிந்தது.

"உன்னுதும் பொக்குதான் சேவுகா."

சேவுகன் தானும் பார்த்தான். பரம்பரையாக ஏமாந்திருக்கிறோமே என்று அவனுக்குக் கண்ணீரே வந்துவிட்டது. சந்தேகம் வந்தால் விடுமா? மேளத்தின் தோலைக் கிழித்துப் பார்த்தார்கள், அதிலும் யாரும் இல்லை.

"வேற வழியில்லை. ஆள்தான் வேணும்னா, ஆளே வாயால ஊதட்டும்," என்றார் அம்பலம். "தவசி, நீ உள்ளே காலியா இல்லியே? சாப்பிட்டியா?"

"எங்கே ஐயா? கவலையில சோறே இறங்கல."

"அப்ப நீயும் பொக்குதான். சேவுகா, நீ?"

"நான் விரதம்."

உடனே அங்கேயே இரண்டு இலை போட்டார்கள். யார் முதலில் நிறைகிறார்களோ அவருக்கே உரிமை என்று முடிவாயிற்று. காத்தாயி பரிமாறினாள். அண்ணன் இலையில் ஒரு கரண்டி, புருஷன் இலையில் இரண்டு கரண்டி. "என்ன தங்கச்சி இது?" என்று சேவுகன் கேட்டதற்கு, "விரதத்துல கொஞ்சமாத்தான் சாப்பிடணும் அண்ணே" என்றாள். தவசி கண்ணீரும் சோறுமாக அள்ளி அள்ளிப் போட்டான். அம்பலம் இடையிடையே வயிற்றைத் தட்டிப் பார்த்துக்கொண்டே வந்தார். கடைசியில் தவசியின் வயிறு 'தொம்' என்பதை விட்டு 'தட்' என்றது.

"நிறைஞ்சிருச்சு! எந்திரி, ஊது!"

நாலு பேர் தூக்கி நிறுத்தினார்கள். தவசி குதிரைகளுக்கு முன்னால் நின்று, கைகளை வாயருகே குவித்து, 'பூம்' என்று சொல்ல வாயைத் திறந்தான். 'பூம்' வரவில்லை. அடிவயிற்றிலிருந்து வேறொன்று புறப்பட்டு வந்தது. தெருக்கோடி நாய் எழுந்து உட்காருகிற மாதிரி ஓர் ஏப்பம்.

"உள்ளேருந்து வருது! உள்ளேருந்து வருது!" என்று கூட்டம் ஆர்ப்பரித்தது. குதிரைகள் கிளம்பிவிட்டன. தவசி நெஞ்சை நிமிர்த்தி முன்னால் நடந்தான்.

பொட்டலூர்ப் புரவியெடுப்பில் ஏப்பம் விடுகிற உரிமை இன்றைக்கும் தவசியாண்டி வம்சத்துக்குத்தான். சேவுகன் வகையறா கோர்ட்டுக்குப் போயிருக்கிறார்கள். அடுத்த வாய்தாவுக்கு இரண்டு தரப்பும் சாப்பிட்டுவிட்டு வர வேண்டும் என்று உத்தரவு.