கூட்டம் பிடித்துக்கொண்ட குழந்தை

செண்பகவல்லியின் இயற்பியல் முனைவர் பட்ட வாய்மொழித் தேர்வைப் பார்க்கச் சொந்தபந்தமெல்லாம் அவள் கைக்குழந்தையோடு வந்து அரங்கை அடைத்திருந்தது.

"துகளுக்கு நிறை எப்படி வருது? சமன்பாடு கூடாது. கண்ணால காட்டினாத்தான் பட்டம்!" என்று உறுமினார் தேர்வாளர் தணிகாசலம்.

"வாசல்வரைக்கும் நடங்க சார்."

மேடையிலிருந்து இறங்கிக் கூட்டத்துக்கு நடுவே விறுவிறுவென்று போனார். ஒருவரும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"பிரபஞ்சம் முழுக்க ஒரு புலம் இருக்கு சார், இந்தக் கூட்டம் மாதிரி. ஒளி உங்களை மாதிரி. புலம் அதைக் கண்டுக்காது, அதுக்கு நிறையும் இல்ல." குழந்தையை அவர் கையில் கொடுத்தாள். "இப்ப திரும்பி வாங்க."

ஆளாளுக்குக் குழந்தையின் கன்னம் கிள்ளினார்கள். அத்தைகள் நெட்டி முறித்தார்கள். அவரால் நகரவே முடியவில்லை.

"புலம் பிடிச்சுக்கிட்டா நிறை வந்துடும் சார்."

ஒருவழியாக மேடை சேர்ந்தவர் பட்டத்துக்கான தாளில் இடக்கையால் கையெழுத்துப் போட்டார். வலத்தோளில் குழந்தை தூங்கிப்போயிருந்தது.