பதினொரு பேருக்கு வாசிக்க வரவில்லை

“எல்லாரும் பொய் சொல்கிறார்கள், அம்மா.”

வந்து உட்கார்ந்ததும் தணிகைவேல் சொன்ன முதல் வார்த்தை இது. சொல்வதற்கு முன் எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார். வெளியே நின்ற கார் ஓட்டுநரையும் அவர் நம்புவதில்லை.

கல்வித்துறையில் பெரிய அதிகாரி. பள்ளிகளைச் சீர்திருத்த மூன்று திட்டங்கள் எழுதியவர். நான்காவதைத் திங்கட்கிழமை ஒப்படைக்க வேண்டும்.

எதிரே இருந்த மங்கையர்க்கரசி அம்மையார் அவரைவிட வயதில் இளையவர். குன்றடியில் இருந்த அந்தச் சின்ன மடத்தில் தனியாக வாழ்ந்தார். ஒன்பது வருஷமாகத் தணிகைவேல் அவருக்குச் சீடர்.

“யார் பொய் சொல்கிறார்கள்?”

“ஆசிரியர்கள். மூன்றாம் வகுப்பில் எல்லாருக்கும் வாசிக்க வருகிறது என்று செயலியில் பதிவு செய்கிறார்கள். நேரில் போனால் பாதிப் பிள்ளைகள் படத்தைப் பார்த்துக் கதை சொல்கிறார்கள்.”

“என்ன செய்தீர்கள்?”

“பிள்ளைகள் வாசிப்பதை வீடியோ எடுத்து அனுப்பச் சொன்னேன்.”

“பிறகு?”

“ஒரே பாடத்தை மனப்பாடம் செய்யவைத்து அனுப்பினார்கள்.”

“பிறகு?”

“மேற்பார்வையாளர்களைப் போட்டேன். அவர்களையும் நம்ப முடியவில்லை. இந்தத் திட்டத்தில் அவர்களைக் கண்காணிக்க ஆள் போட்டிருக்கிறேன்.”

அம்மையார் சிரிக்கவில்லை.

“இத்தனை பள்ளியில் ஒருவர்கூடவா உண்மையை எழுதவில்லை?”

தணிகைவேல் யோசித்தார்.

“ஒருத்தர் எழுதினார். செங்கமலம் என்று ஓர் ஆசிரியை. ‘என் வகுப்பில் பதினொரு பேருக்கு வாசிக்க வரவில்லை. ஆறு மாதம் கொடுங்கள், பாடத்தை நிறுத்திவிட்டு எழுத்திலிருந்து சொல்லித் தருகிறேன்’ என்று.”

“அவருக்கு என்ன பதில் போனது?”

“விளக்கம் கேட்டு மெமோ.”

“யார் கையெழுத்து?”

“என்னுடையதுதான்.” கொஞ்சம் குரலை உயர்த்தினார். “செயலியில் மாவட்டம் முழுக்கப் பச்சை, அம்மா. அந்த ஒரு பள்ளி மட்டும் சிவப்பு. மேலே கேட்டால் நான் என்ன சொல்வது?”

“இப்போது அந்தப் பள்ளி?”

“பச்சை. மெமோ போன அடுத்த வாரமே எல்லாருக்கும் வாசிக்க வருகிறது என்று பதிவு செய்துவிட்டார்.”

சொல்லி முடித்தபின் கையிலிருந்த திட்டக் கோப்பைப் பார்த்தார்.

அம்மையார் கையை நீட்டித் திட்டத்தை வாங்கினார். நூற்று நாற்பது பக்கம். புரட்டாமலே திருப்பிக் கொடுத்தார்.

“அந்தப் பதினொரு பேர் இதில் எந்தப் பக்கத்தில் வருகிறார்கள்?”

தணிகைவேல் முதலிலிருந்து புரட்டினார். பிறகு கடைசியிலிருந்து புரட்டினார். மூடி மடியில் வைத்துக்கொண்டார்.

“நான் ஏன் கேட்டேன் என்று புரிகிறதா?”

“புரிகிறது, அம்மா.”

கேட்ட மாத்திரத்தில் வந்த பதில். ஒன்பது வருஷமாக, அம்மையார் எப்போது கேட்டாலும் அவர் சொன்ன பதில்.

அம்மையார் அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

இது ஏதோ சோதனை என்று தணிகைவேலுக்குச் சந்தேகம் வந்தது. எது சரியான பதில் என்று மனசுக்குள் தேடினார். அகப்படவில்லை.

“இல்லை, அம்மா. புரியவில்லை.”

மடியிலிருந்த திட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார்.

“இன்றைக்கு மட்டுமில்லை. இத்தனை வருஷம் நீங்கள் சொன்னதில் பாதி எனக்குப் புரிந்ததேயில்லை.”

தலையைக் குனிந்துகொண்டார். அம்மையார் போகச் சொல்லிவிடுவார் என்று காத்திருந்தார்.

அம்மையார் தன் பாயை இழுத்து, அவர் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

“எந்த இடத்திலிருந்து புரியவில்லை?” என்றார்.