மருதாயி அறுத்த இலை

"அந்தச் செடி இன்னும் பத்து நாள் தாங்கினால் பெரிய விஷயம்" என்று ஓர் எறும்பு இன்னோர் எறும்பிடம் சொல்லிக்கொண்டே சுவரோரமாகப் போனது. அடுப்படியில் குனிந்து சாம்பல் அள்ளிக்கொண்டிருந்த மருதாயியின் காதில் அது விழுந்தது. அவளுக்காகச் சொன்ன பேச்சல்ல அது. இரண்டும் ஆளுக்கொரு குருணையைத் தூக்கிக்கொண்டு, வேறு எதையோ பேசியபடி பொந்துக்குள் போய்விட்டன.

அந்தக் காலத்தில் எறும்பு பேசும், வண்டு பேசும், பானையில் வைத்த செடியும் பேசும். கேட்கிறவர்களுக்குத்தான் பொழுது இருக்காது. மருதாயிக்கோ பொழுது மட்டுமல்ல, தூக்கமும் இல்லாமல் போய் இரண்டு மாதம் ஆகியிருந்தது.

அவள் கணவன் சடையன் மலையில் தேனெடுக்கிறவன். ஐப்பசியில் பெரும்பாறையில் இறங்கும்போது கொடி அறுந்து விழுந்தான். உயிர் தப்பியது, இடுப்பெலும்பு தப்பவில்லை. அன்றிலிருந்து பாய்தான். வலி அவனைக் கண் மூட விடவில்லை. அவன் முனகுகிற ஆளில்லை, பல்லைக் கடித்துக்கொள்வான். அந்தப் பல் நறநறக்கும் சத்தம் மருதாயியையும் தூங்க விடவில்லை.

"தூக்கம் நமக்குப் பக்கத்து ஊர்க்காரன் மாதிரி புள்ள" என்பான் சடையன். "எப்பவாவது எட்டிப் பாப்பான். உக்காருன்னு சொன்னா, வேலை கிடக்குன்னு போயிடுவான்."

அவள் சிரிக்கப் பார்ப்பாள். சிரிப்பு பாதி வழியில் கொட்டாவியாகிவிடும்.

வைத்தியச்சி உண்ணாமலை வந்து இடுப்பைத் தடவிப் பார்த்தாள். "எலும்பு சேரும். ஆனா தூங்குற உடம்புலதான் சேரும்" என்றாள். மறுநாள் ஒரு கஞ்சாச் செடியை வேரும் மண்ணுமாகக் கொண்டுவந்து கொடுத்தாள். "இது பூத்து, பூ முத்தினதும் எனக்கு ஆள் அனுப்பு. மருந்து காய்ச்சித் தாரேன். அதுவரைக்கும் நாளைக்கு ஒரு இலை பாலில் போட்டுக் கொடு. அதுல ஒரு நாழிகை கண் அசருவான். செடி போச்சுன்னா என்கிட்டே வேற இல்லை தாயி."

வெளியே பனி கொட்டுகிற காலம். இரவில் ஒருமுறை உறைபனி தொட்டால் செடி கருகிவிடும். மருதாயி ஓட்டைப் பானை ஒன்றில் மண் நிரப்பி, செடியை வீட்டுக்குள் சன்னலடியில் நட்டாள். குளிர் வராமலிருக்கச் சன்னலைக் கோணியால் அடைத்துக் கட்டினாள். பகலில் சமைக்கும் நேரம் மட்டும் கோணியின் ஒரு மூலையைத் தூக்கிவிடுவாள். காற்று படாமல், மழை படாமல், அடுப்பின் சூட்டில் செடி வளர்ந்தது.

அந்தக் காலத்தில் கஞ்சா இலை இப்போது இருப்பதுபோல் இருக்காது. பூவரச இலைபோல அகலமாய், ஓரம் வழுவழுப்பாய், ஒரே முழு இலையாய் இருக்கும். ஓர் இலை இன்னோர் இலையின்மேல் கவிந்து, செடி பார்ப்பதற்குக் குடைமேல் குடை வைத்ததுபோல இருக்கும். மருதாயிக்கு அது பார்க்கப் பார்க்கப் பெருமை. தினமும் காலையில் ஓர் ஈரத்துணியை எடுத்து, ஒவ்வோர் இலையாக, மேலும் கீழும் துடைத்துவிடுவாள்.

கொஞ்ச நாளாக இலைகளின்மேல் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன, ஊசியால் குத்தி வைத்ததுபோல. அடுப்புச் சாம்பல் என்று நினைத்தாள். இன்னும் அழுத்தித் துடைத்தாள். துடைக்கத் துடைக்கப் புள்ளிகள் பெருகின. எறும்பின் பேச்சு காதில் விழுந்த அன்றுதான் அவள் செடிக்கு முன்னால் உட்கார்ந்தாள்.

"உனக்கு என்ன செய்யுது?" என்று கேட்டாள்.

செடி, "அடியில அரிக்குது" என்றது.

"எத்தனை நாளா?"

"பதினைஞ்சு நாளிருக்கும்."

"சொல்ல வேண்டியதுதானே!"

"சொல்லணும்னுதான் இருந்தேன். நீ பக்கத்துல வர்றப்பல்லாம் உன் கண்ணு செக்கச்செவேல்னு இருக்கும். சரி, இன்னைக்கு வேண்டாம், நாளைக்குச் சொல்லலாம்னு விட்டுட்டேன். நாளைக்கும் உன் கண்ணு அப்படியே இருந்துச்சு."

மருதாயி இலையைத் திருப்பிப் பார்த்தாள். அடியில் மிளகாய்த்தூள் சிந்தியதுபோல ஒரு சிவப்பு. உற்றுப் பார்த்தால் தூள் நகர்ந்தது. இலைக்கும் தண்டுக்கும் இடையே மயிரிழையைவிட மெல்லிய நூலால் வலை பின்னியிருந்தது. இலைச்சாறு குடிக்கும் செம்பேன்.

"எங்கேருந்து வந்தீங்க?" என்று காதை இலையோடு ஒட்டவைத்துக்கொண்டு கேட்டாள். செம்பேனின் குரல் அத்தனை சிறியது.

"உன் மடியிலேருந்துதான் மகராசி" என்றது ஒரு கிழட்டுப் பேன். "பீர்க்கங்காய் பறிச்சு மடியில கட்டிக்கிட்டு வந்தியே, அதோட நாலு பேர் வந்தோம். இந்தச் செடியில ஒரே ஒரு இலையிலதான் குடியேறினோம். மத்த இலைக்கெல்லாம் எப்படிப் போறதுன்னு யோசிச்சுக்கிட்டு இருந்தப்ப, நீயே தினமும் காலையில பல்லக்கு அனுப்பினே."

"பல்லக்கா?"

"அந்த ஈரத்துணிதான். இந்த இலையில ஏறி அந்த இலையில இறங்குவோம். உன்னை மாதிரி தாராள மனசு யாருக்கு வரும்? உன் வீடு நல்லா இருக்கணும்."

அதைச் சுற்றி நின்ற பேன்களெல்லாம் சிரித்தன. மருதாயி கையிலிருந்த துணியைப் பார்த்தாள். அதை அடுப்பில் போட்டாள்.

அன்றே வேப்பிலையைக் குவித்துப் புகை போட்டாள். புகை வீடெல்லாம் சுற்றியது. பேன்கள் வலைக்குள் பதுங்கிக்கொண்டன. சடையன்தான் இருமினான். ஒவ்வோர் இருமலுக்கும் இடுப்பு விண்ணென்று தெறிக்க, அவன் முகம் வெளுத்துப்போனது.

"பூச்சியைக் கொல்லப் போறியா, என்னையா? ஏதாவது ஒரு முடிவுக்கு வா புள்ள" என்றான் இருமல் அடங்கியதும்.

மறுநாள் வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைத்துத் தெளித்தாள். தண்ணீர் இலையின்மேல் விழுந்து, குடைமேல் விழுந்த மழையாக வழிந்து ஓடியது. அடியில் ஒரு பேனும் நனையவில்லை. ஒவ்வோர் இலையாகத் திருப்பித் திருப்பிக் கையாலேயே பூசிப் பார்த்தாள். ஒரு பக்கம் முடித்து மறு பக்கம் வருவதற்குள் முதல் பக்கத்தில் வலை கட்டியிருந்தது. இலைகள் பழுத்து ஒன்றொன்றாக உதிர்ந்தன. உதிர்ந்த ஒவ்வோர் இலையும் சடையனின் ஒரு நாழிகைத் தூக்கம். உச்சியில் அப்போதுதான் பூ மொட்டு கட்டத் தொடங்கியிருந்தது. பேன்கள் அங்கே இன்னும் ஏறவில்லை. ஏறினால் எல்லாம் முடிந்தது.

எட்டாம் நாள் நடுப்பகலில் மருதாயி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். உட்கார்ந்தபடியே கண் செருகியது. அப்போது கோணியில் ஏதோ பிறாண்டுகிற சத்தம் கேட்டது. எழுந்து போய் மூலையைத் தூக்கிப் பார்த்தாள். ஒரு பொறிவண்டு.

"அப்பாடா!" என்றது அது. "தட்டித் தட்டிக் காலே தேய்ஞ்சு போச்சு. நாலு நாளா நிக்கிறேன். சமைக்கிறப்ப நீ மூலையைத் தூக்கினாலும் அடுப்புப் புகை விரட்டிடுது. உள்ளே பேன் வாசனை மூக்கைத் துளைக்குது. எனக்குப் பசி, உனக்குப் பேன், நடுவுல ஒரு கோணி. இது என்ன நியாயம்?"

"நீ பேன் தின்பியா?"

"பின்னே, பாயசமா தின்பேன்?"

மருதாயி வழிவிட்டாள். பொறிவண்டு பறந்து போய் ஓர் இலையில் இறங்கி, ஓரமாக நடந்து, அடியில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தது.

"ஆகாது" என்றது. "கன்னங்கரேல்னு இருக்கு. போதாக்குறைக்கு வலை. இலைமேல இலை ஒட்டிக்கிட்டு மூச்சு விட இடமில்லை. வெளியில இருக்கிற செடின்னா காத்து அடிச்சுப் புரட்டும், வெயில் அடிவரைக்கும் எட்டும். இங்கே அதெல்லாம் எங்கே? அடிவரைக்கும் வெளிச்சமும் காத்தும் போறதுக்கு ஒரு வழி பண்ணு. மிச்சத்தை நானும் என் சனமும் பாத்துக்கிறோம்."

"இலையைப் பறிச்சிடவா?"

"பறிச்சா நான் எதை வச்சுப் பூவை முத்த வைக்கிறது?" என்றது செடி.

பாயிலிருந்து சடையனின் குரல் வந்தது.

"கிழி."

மருதாயி திரும்பினாள். "என்ன மாமா?"

"முழுசாப் பறிக்க வேண்டாம். கிழிச்சு விடு. மூங்கில் கூடைக்குள்ள என் தேன் கத்தி கிடக்கும், எடு. அடையை அறுக்கிறப்ப நான் எப்படி அறுப்பேன்? புழு இருக்கிற பக்கம் கத்தி படாம, தேன் இருக்கிற பக்கத்தை மட்டும் எடுப்பேன். அதனாலதான் மறு வருசமும் அதே பாறையில தேனீ கூடு கட்டுது. இலையிலயும் அப்படித்தான். நரம்பைத் தொடாதே. நரம்புக்கும் நரம்புக்கும் நடுவுல இறங்கு, காம்புக்குக் கிட்ட வந்ததும் நிறுத்து."

மருதாயி கத்தியை எடுத்துவந்து செடிக்கு முன்னால் முழங்காலிட்டாள். "வலிக்குமா?" என்று கேட்டாள்.

"இப்ப மட்டும் வலிக்காமலா இருக்கு?" என்றது செடி.

அடி இலையில் தொடங்கினாள். நரம்புகளுக்கு நடுவே ஆறு அறுப்பு. இலை ஏழு விரலாகப் பிரிந்தது. அவள் கை நடுங்கியது. இரண்டு மாதம் தூங்காத கை அது. கத்தி நேராகப் போகாமல் நெளிந்து நெளிந்து போயிற்று. ஒவ்வொரு விரலின் ஓரமும் அரத்தின் பல்போல ஆனது.

"கை நடுங்குது" என்றாள்.

"தெரியுது. நிறுத்தாதே" என்றது செடி.

அறுத்த இடத்திலெல்லாம் பிசின் கசிந்தது. அதன் வாசனை வீடு முழுக்க ஏறியது. கிழட்டுப் பேன், "இது என்ன அநியாயம்! குடியிருக்கிறவங்களைக் கேட்காம கூரையைப் பிரிக்கிறியே!" என்று கத்திக்கொண்டே ஓடப் பார்த்தது. கால் பிசினில் ஒட்டிக்கொண்டது.

பாதிச் செடி ஏறியபோது மருதாயிக்கு விரல் மரத்துப்போனது. ஏழு விரல் பிரிக்கத் தெம்பில்லை, ஐந்தோடு விட்டாள். இன்னும் மேலே போனபோது கண் இருட்டியது, மூன்றோடு விட்டாள். உச்சியில், பூ மொட்டை ஒட்டி இருந்த குட்டி இலைகளுக்குக் கத்தியைத் தூக்கவே முடியவில்லை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு, சன்னலுக்குப் போய்க் கோணியை அவிழ்த்துக் கீழே போட்டாள். வெயிலும் குளிர்காற்றும் சேர்ந்து உள்ளே வந்தன. அவற்றோடு பத்துப் பதினைந்து பொறிவண்டுகளும் வந்தன.

அவள் தன் போர்வையைச் சடையன்மேல் போர்த்திவிட்டு, அடுப்பில் பாலை வைத்தாள். கத்தி மடியில் கிடக்க, அடுப்புக்கு எதிரே உட்கார்ந்தபடியே தலை தொங்கிப்போனது.

பால் நுரை கட்டி ஏறுவதைச் சடையன் பார்த்தான். கூப்பிட வாயெடுத்தான். கூப்பிடவில்லை. முழங்கையை ஊன்றி, பல்லைக் கடித்து, பாயோடு உடம்பை இழுத்துக்கொண்டு அடுப்புவரை போய்ப் பாலை இறக்கினான். அந்த நான்கு முழத்துக்கு அவனுக்கு வெகு நேரம் ஆயிற்று. செடி அதைப் பார்த்துக்கொண்டிருந்தது. புதிதாகப் பிரிந்த விரல்கள் காற்றில் சலசலத்தால் அவள் விழித்துக்கொள்வாளே என்று, எல்லா விரல்களையும் மெல்லக் கீழே தாழ்த்திக்கொண்டது.

மருதாயி பிறகு கோணியை இரவுக்கு மட்டும் கட்டினாள். பகல் முழுக்கச் சன்னல் திறந்தே கிடந்தது. பொறிவண்டுகள் சாவகாசமாக உண்டன. புதிதாய்த் துளிர்த்த இலைகள் கத்தி படாமலேயே விரல் விரலாக வந்தன. தை பிறந்து பத்தாம் நாள் பூ முற்றியது. உண்ணாமலை வந்து மருந்து காய்ச்சினாள். அன்று மாலை சடையன் ஒரு வாய் குடித்தான். பேச்சை முடிப்பதற்குள் தூங்கிப்போனான். பல் நறநறக்கவில்லை.

"தூங்கிட்டானா?" என்று செடி மெதுவாகக் கேட்டது.

"தூங்கிட்டார்."

"நீ?"

அன்று முதல்தான் கஞ்சா இலை அடியில் ஏழும் நடுவில் ஐந்தும் மேலே மூன்றும் உச்சியில் ஒன்றுமாக விரல் பிரிந்து, ஓரமெல்லாம் நடுங்கிய கத்தியின் பல்லோடு, தொட்டால் பிசுபிசுத்து, அந்தி சாய்ந்ததும் விரல்களைக் கீழே தாழ்த்திக்கொள்கிறது.

அன்றைக்கு மருதாயி சுவரோரம் சுருட்டி வைத்திருந்த தன் பாயை எடுத்து உதறி, அவன் பக்கத்தில் விரித்து, காலை நீட்டிப் படுத்துக்கொண்டாள்.