ஆயிரம் சூரியன் மடியில் ஒரு குல்கந்து ஜாடி

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்கு நாடு பெரிதாகவும் நாக்கு அதைவிடப் பெரிதாகவும் இருந்த நாளில், வீரசேகரன் என்று ஒரு ராஜா இருந்தார். நல்ல மனுஷர்தான். ஆனால் மிளகாய் வறுவல் என்றால் உயிரை விடுவார். ஒரு விருந்தில் மூன்று தட்டு வறுவலை உள்ளே தள்ளிவிட்டு, மறுநாள் வாயெல்லாம் புண்ணாகி எழுந்தார். வாயைத் திறந்தாலும் எரிச்சல், மூடினாலும் எரிச்சல். அன்றைய கோபம் முழுவதும் சபையின்மேல் இறங்கியது.

அரண்மனைக்குப் பின்னால் பன்னீர் ரோஜாத் தோட்டம் ஒன்று இருந்தது. அதை வளர்த்தவள் அங்கம்மை. கண் எரிகிறது என்று போனால் பன்னீரில் நனைத்த துணியை இமைமேல் போடுவாள். குளியல் பொடிக்குக் காய்ந்த இதழை இடித்துத் தருவாள். உடம்புச் சூட்டுக்கு இதழையும் கற்கண்டையும் ஊறவைத்த குல்கந்து. பாதி அரண்மனை அவளிடம்தான் போகும். அரண்மனை வைத்தியர் மருதவாணருக்கு இது பொறுக்கவில்லை. எந்த நோய்க்கும் விளக்கெண்ணெய் கொடுப்பவரிடம் யார்தான் போவார்கள்? ஆனால் மனிதர் புகழ்வதில் கெட்டிக்காரர். பதினோரு வருடமாகத் தினமும் சபையில், “ஆயிரம் சூரியர்க்கு நிகரான மன்னா” என்று சொல்லித்தான் வாயைத் திறப்பார். ராஜாவுக்கு அதைக் கேட்டால்தான் பொழுது விடியும்.

ராஜா அங்கம்மையை அழைத்து, “குல்கந்து கொண்டு வா” என்றார்.

“ஜாடி காலிங்க மகாராசா. போன வாரம் நீங்கதான வழிச்சுச் சாப்பிட்டீக” என்றாள் அவள். “புதுசு போட்டா நாப்பது நாள் வெயில்ல வைக்கணும். இப்போதைக்கு ரோசா இதழைக் கொதிக்க வச்சு ஆறின தண்ணியில வாய் கொப்பளிங்க. எரிச்சல் அடங்கும்.”

“தண்ணீர் வேண்டாம். குல்கந்துதான் வேண்டும்” என்றார் ராஜா, சின்னப் பிள்ளை போல.

மருதவாணர் எழுந்தார். “ஆயிரம் சூரியர்க்கு நிகரான மன்னா, தாங்கள் கேட்ட நேரத்தில் மருந்து தராத தோட்டம் எதற்கு? அதை உழுதுவிட்டு ஆமணக்கு விதைக்கலாம்.”

வலியில் இருப்பவரிடம் நியாயம் எடுபடுமா? “நாளை உச்சி வேளைக்குள் நாற்பது வெயில் கண்ட குல்கந்து இங்கே வரவேண்டும். வராவிட்டால் தோட்டத்தை உழுதுவிடுங்கள். இவளும் ஊரைவிட்டுப் போகட்டும்” என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்.

அங்கம்மை பதினெட்டு வருடம் தண்ணீர் ஊற்றிய செடிகள் அவை. அவளுக்கு வேறு போக்கிடமும் கிடையாது. அப்போது விகடகவி தொப்பளான் எழுந்து, “மன்னா, குல்கந்துக்கு நான் பொறுப்பு” என்றான்.

“தவறினால்?” என்றார் மருதவாணர்.

“நானும் அவளோடு ஊரைவிட்டுப் போகிறேன்.”

வைத்தியருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஒரே கல்லில் இரண்டு பேர் தொலைகிறார்கள் அல்லவா.

வெளியே வந்ததும் அங்கம்மை தொப்பளானைப் பிடித்துக்கொண்டாள். “ஏன்யா, சூரியன் என்ன உன் மச்சினனா, நீ சொன்னா நாப்பது தடவ உதிக்க?”

“நீ ஜாடியை மட்டும் நிரப்பிக் கொடு தாயி. கற்கண்டை இடிக்காதே. கட்டி கட்டியாவே போடு.”

மறுநாள் காலை சபை கூடியது. தொப்பளான் புது ஜாடியைத் தூக்கி வந்து, நேரே போய் ராஜாவின் மடியில் வைத்தான்.

“என்ன இது?” என்றார் ராஜா.

“மன்னா, இது நாற்பது சூரியன் காணவேண்டும். தாங்களோ ஆயிரம் சூரியனுக்குச் சமம் என்று வைத்தியர் பெருமான் பதினோரு வருடமாகச் சொல்கிறார். கணக்குப் போட்டால் தங்கள் மடியில் ஒரு நாழிகையும் கொஞ்சமும் போதும். அதற்குமேல் வைத்தால் தீய்ந்துவிடும்.”

ராஜா வேண்டாம் என்றால், தான் சூரியன் இல்லை என்று ஆகிவிடும். ஜாடியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தொடை மரத்துப் போயிற்று. கற்கண்டு வாசனைக்கு எறும்புகள் வரிசை கட்டி ராஜாவின் பட்டு வேட்டிமேல் ஏறின. சூரியன் நெளிந்தது.

நாழிகை முடிந்தது. தொப்பளான் ஒரு கரண்டி அள்ளி மருதவாணரிடம் நீட்டினான். “பதம் சொல்லத் தங்களைவிட யார் இருக்கிறார்கள் ஐயா? வேகவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். மன்னரிடம் அவ்வளவு வெயில் இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்.”

மருதவாணர் வாயில் போட்டார். பச்சை இதழ் பல்லில் ஒட்டியது. கற்கண்டு நறநறவென்றது. நிமிர்ந்து ராஜாவைப் பார்த்தார். ராஜாவும் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். வியர்வை வழிய, “பதம்... பிரமாதமாக வந்திருக்கிறது” என்றார்.

“அப்படியா?” என்று ராஜா ஆசையாக ஒரு பிடி அள்ளிப் போட்டுக்கொண்டார். கற்கண்டுக் கட்டி நேராகப் போய்ப் புண்ணில் குத்தியது. கண்ணில் நீர் தளும்ப வைத்தியரைப் பார்த்தார், ஜாடியைப் பார்த்தார், வேட்டியில் ஊரும் எறும்பைப் பார்த்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு வந்தது. சிரித்தால் வாய் வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தார்.

“அங்கம்மா, அந்தக் கொப்பளிக்கிற தண்ணீரைக் கொண்டு வா. தோட்டம் உன்னுடையது. இனி யாரும் அதில் ஏர் பூட்டக்கூடாது. வைத்தியரே, உம்முடைய சூரியன் தோற்றுவிட்டான். மேலே இருக்கிறவனிடம் போங்கள். நாற்பது நாளும் மொட்டைமாடியில் இந்த ஜாடிக்கு எறும்பு ஓட்டுவது உமது வேலை.”

கொப்பளித்த சாயங்காலமே ராஜாவால் மோர் குடிக்க முடிந்தது. முதல் நாளே அவள் பேச்சைக் கேட்டிருந்தால் இத்தனை கூத்தும் இல்லை.

நாற்பத்தோராம் நாள் மருதவாணர் ஜாடியோடு சபைக்கு வந்தார். முகம் கருத்து, கண் இரண்டும் சிவந்து எரிந்தன. அங்கம்மை பன்னீர்த் துணியை அவர் கண்மேல் போட்டாள். “தோட்டத்த உழுதிருந்தா இது ஏதுங்க ஐயா?” என்று மட்டும் கேட்டாள். அவர் தலை குனிந்துகொண்டார்.

ராஜா குல்கந்தைச் சுவைத்தார். இதழ் தேனாகக் கரைந்தது. மகிழ்ந்துபோய்த் தன் வெள்ளிப் பன்னீர்ச் செம்பையே தொப்பளானுக்குப் பரிசாகக் கொடுத்தார்.

மருதவாணர் பழக்கதோஷத்தில் எழுந்து, “ஆயிரம் சூ...” என்று தொடங்கினார். மொட்டைமாடி ஞாபகம் வந்துவிட்டது. சட்டென்று மாற்றி, “ஆயிரம் பூரண நிலவுக்கு நிகரான மன்னா” என்றார்.

தொப்பளான் மெல்லத் திரும்பி, “அங்கம்மா, நிலவொளியில் வைத்துப் பதப்படுத்துகிற மருந்து ஏதாவது இருக்கிறதா?” என்று கேட்டான்.

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். இந்தத் தடவை வாய் வலிக்கவில்லை.