நாற்பதாவது கிலோமீட்டர்

வேதமாணிக்கத்தை இளம்பரிதி கடைசியாக உயிரோடு பார்த்தது, அண்டார்டிகாப் பனிமேல் வந்து நின்ற ஒரு சின்ன விமானத்தின் வாசலில். இரண்டு பேர் அவரைக் கைத்தாங்கலாக ஏற்றினார்கள். விசிறிகள் சுற்றிய இரைச்சலில் ஒரு வார்த்தை பேச முடியவில்லை. அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். கையசைக்கவில்லை. இளம்பரிதிக்கு அதில் குறை ஒன்றும் இல்லை. பேச வேண்டியதை அவர்கள் அந்த வாரத் தொடக்கத்திலேயே பேசிவிட்டிருந்தார்கள்.

வேதமாணிக்கம் நாகர்கோவில்காரர். வானத்துக்கு லேசர் ஒளியை அனுப்பி, திரும்பி வருவதைக் கொண்டு உயரத்திலிருக்கும் ஓசோனை அளப்பது அவர் வேலை. இளம்பரிதி வெகுகாலமாக அவருடைய மாணவன். நாற்பது வயதாகியும் அவர் எதிரில் கால்மேல் கால் போட்டதில்லை. அந்த வருடம் இருவரும் குளிர்காலம் முழுவதும் அண்டார்டிகாக் கரையோர ஆய்வு நிலையத்திலேயே தங்கியிருந்தார்கள்.

துருவத்தில் ஒவ்வொரு வசந்தத்திலும் ஓசோன் கரைந்து வானத்தில் ஓட்டை விழும். அது தேறத் தொடங்கினால் நாற்பது கிலோமீட்டர் உயரத்தில்தான் முதலில் தெரியும் என்று வேதமாணிக்கம் காத்திருந்தார். வாலிபத்தில் தொடங்கிய காத்திருப்பு. அதை ஒரு தடவை பார்த்துவிட்டால் போதும், பிறகு தன்னை எங்கே வேண்டுமானாலும் மூட்டை கட்டி அனுப்பலாம் என்று சாப்பாட்டு மேசையில் வேடிக்கையாகச் சொல்வார்.

குளிர்காலம் முடிகிற சமயத்தில் அவருக்கு வயிற்றில் வலி வந்தது. நிலையத்து மருத்துவர் இளம்பரிதியைத் தனியாக அழைத்து, முதல் விமானத்திலேயே அவரை ஊருக்கு அனுப்ப வேண்டும் என்றார். ஊரிலும் அதிக நாள் இருக்க மாட்டார் என்றார்.

அதன் பிறகு இளம்பரிதி கருவி அறையைவிட்டு வெளியே வரவில்லை. வானம் தெளிந்த முதல் இருட்டில் அளந்தான். காலையில் கணக்குப் போட்டு வரைந்து பார்த்தபோது, கோடு நாற்பதை நெருங்குகிற இடத்தில் வலப்பக்கம் புடைத்திருந்தது. அங்கே ஓசோன் கூடியிருந்தது.

தாளை எடுத்துக்கொண்டு ஓடினான். வழியில் சமையல்காரர் சுடலைமணி என்ன ஏது என்று கேட்க, அவரிடமும் சொல்லிவிட்டான்.

வேதமாணிக்கம் கட்டிலில் சாய்ந்தபடி தாளை வாங்கிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அதை நெஞ்சின்மேல் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். இளம்பரிதி கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தான். பல மாதங்களுக்குப் பிறகு அன்றுதான் அவன் நன்றாகத் தூங்கினான்.

மறுநாள் காலை அவர் கூப்பிட்டனுப்பினார்.

"நேத்து கேசரி வாசம் வந்துது. யாருக்கு என்ன விசேஷம்?"

"சுடலைமணிதான் சார். விஷயம் தெரிஞ்சதும் கிண்டிட்டாரு."

"ஆளுக்கு ஒரு கரண்டி ஆச்சா?"

"ஆச்சு சார்."

"சரி. இப்ப நான் கேக்கறதுக்குப் பதில் சொல்லு. சக்கரத்தைத் தொட்டியா?"

இளம்பரிதிக்கு முகம் மாறியது.

அந்தக் கருவியில் ஒளியை எண்ணும் கண் ஒன்று உண்டு. அதன் முன்னால் ஒரு சக்கரம் சுழலும். அனுப்பிய ஒளியில் பக்கத்திலிருந்து திரும்புவது கொள்ளை வெளிச்சம். உயரத்திலிருந்து வருவது துளித்துளி. பக்கத்து வெளிச்சம் கடந்து போகும்வரை சக்கரம் கண்ணை மூடியிருக்கும். பிறகுதான் வழிவிடும். எப்போது வழிவிட வேண்டும் என்பதை வேதமாணிக்கம்தான் பொருத்தி வைத்திருந்தார்.

கொஞ்சம் முன்னதாகத் திறக்கும்படி மாற்றினேன் என்று இளம்பரிதி ஒப்புக்கொண்டான். ஓட்டை விழும் கீழ் அடுக்கையும் சேர்த்தே பிடித்துவிடலாம் என்ற ஆசைதான். மற்ற எதையும் தொடவில்லை. கீழே செய்த மாற்றம் மேலே அவ்வளவு தூரத்தில் என்ன செய்துவிடும் என்றும் கேட்டான்.

"கருப்புக் கண்ணாடியை இங்க வச்சிட்டு வெளிய போ. பனியைக் கொஞ்சம் பார்த்துட்டு வா. ரொம்ப நேரம் நிக்காத."

இளம்பரிதி போனான். வெயில் பனியில் பட்டு நாலாபக்கமும் தெறித்தது. கண்ணைத் திறக்க முடியாமல் திறந்து பார்த்துவிட்டுத் திரும்பினான். அதற்குள் அவர் ஜன்னலில் கம்பளியைத் தொங்கவிட்டிருந்தார். அறை கும்மிருட்டு.

"கதவைச் சாத்து. சுவத்துல என்ன தெரியுது?"

"பச்சையா ஒரு திட்டு சார்."

"எவ்வளவு உசரத்துல?"

இளம்பரிதி தலையைத் தூக்கினான். திட்டும் தூக்கியது. குனிந்தான். அதுவும் இறங்கியது.

"நான் எங்க பார்த்தாலும் அங்க இருக்கு சார்."

"அளந்து எழுதிக்கோ" என்றார் அவர் இருட்டிலிருந்து. "சுடலைமணிகிட்டயும் சொல்லிடு. இன்னொரு தடவை கிண்டட்டும்."

 இளம்பரிதி சுவரைத் தடவிக் கதவைக் கண்டுபிடித்து வெளியேறினான்.

அன்று சக்கரத்தைப் பழையபடி பொருத்தினான். வானம் தெளிவாகவே இருந்தது. இருட்டியதும் மறுபடி அளந்தான். புடைப்பு இல்லை. முப்பத்தெட்டு கிலோமீட்டர்வரை கோடு போன வருடத்துக் கோட்டின்மேல் அப்படியே உட்கார்ந்தது. அதற்கு மேலே திரும்பி வந்த ஒளி எண்ணிச் சொல்லப் போதவில்லை. அங்கே கோட்டை நிறுத்தினான்.

அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுக்க அவனுக்குக் கால் எழவில்லை. மறுநாள் மதியம்வரை இழுத்தடித்துவிட்டுப் போனான். வேதமாணிக்கம் எழுந்து உட்கார்ந்து, கஞ்சியை ஆற்றிக்கொண்டிருந்தார். இளம்பரிதி தாளை அவர் மடியில் வைத்தான்.

"பழைய தாள் எங்க சார்?"

"தலைமாட்டுல இருக்கு. எடுத்துக்கோ."

தலையணைக்குக் கீழே அது மடிப்புக் கலைந்து கசங்கியிருந்தது. பலமுறை எடுத்துப் பார்த்தது தெரிந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இளம்பரிதி கேட்டான்.

"இதைப் பார்த்ததுமே உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும்ல சார்?"

"சந்தேகம் வந்துது."

"கேக்காமலே இருந்திருக்கலாமே. நீங்க இதை நம்பிட்டே ஊருக்குப் போயிருக்கலாம். பின்னாடி நான் சரி பண்ணியிருப்பேன். யாருக்கு என்ன நஷ்டம்?"

வேதமாணிக்கம் கஞ்சியைக் கீழே வைத்தார்.

"ராத்திரி முழுக்க நம்பத்தான் பார்த்தேன் பரிதி. வலிகூடத் தெரியல."

பிறகு புதுத் தாளைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். கோடு நின்ற இடத்தை விரலால் தொட்டார். விரல் அதற்கு மேலே வெறுமையான இடத்துக்குப் போய் அங்கேயே நின்றது.

"நான் பார்க்கணும்னு இருந்தது வந்தா, இங்கதான் வரும்" என்றார். "வர்ற இடத்தை நான் வேற அடைச்சுக்கிட்டு நிக்கவா?"



வேதமாணிக்கம் ஊர் போய்ச் சேர்ந்து மூன்றாம் வாரம் இறந்தார். அந்த வருடத்துக் கோடு முப்பத்தெட்டாவது கிலோமீட்டரில் நிற்கிறது. அதற்கு மேலே தாள் வெள்ளையாக இருக்கிறது.