ராசா மடியில விழுந்த சொட்டு

ஒரு ஊர்ல சீனியம்மா சீனியம்மான்னு ஒருத்தி இருந்தா. அப்பளம் போட்டு விக்கிறவ. பன்னெண்டு வருசம் உளுந்த இடிச்சி இடிச்சி, தன் குடிசைக்குப் பக்கத்துலயே ஒரு ஓட்டு வீடு கட்டுனா. எதுக்குக் கட்டுனா? கை ஓஞ்சி போன காலத்துல வாடகைதான் நமக்குக் கஞ்சி ஊத்தணும்னு கட்டுனா. அவளுக்குப் புள்ளகுட்டி கெடையாது, வேற நாதியும் கெடையாது. ஏலே, கால மடக்கி உக்காந்து கேளு.

வீடு முடிஞ்சதும் மாசானம்னு ஒருத்தன் குடியிருக்க வீடு கேட்டு வந்தான். சிரிச்ச மூஞ்சி, வெத்தல போட்ட வாயி. பக்கத்து வீட்டு ஆவுடை சொன்னா, "ஏட்டி, அவன் முன்ன இருந்த வீட்டுல போயி விசாரி. ஓலை எழுது, ரெண்டு பேரச் சாட்சி வெய்யி. அதுக்கப்பறம் சாவியக் குடு."

மாசானம் என்ன சொன்னான்? "எழுத்து எதுக்குக்கா, நாம தாயும் புள்ளையுமா இருக்கப்போறோம்"னான். அக்காங்கிறான், தாயுங்கிறான், அதுகூட இவளுக்கு ஒறைக்கல. உச்சி குளுந்து போச்சி, சாவியக் குடுத்துட்டா கூறுகெட்டவ.

மொத மாசம் வாடகையா ஒரு மரக்கா நெல்லு வந்துச்சி. ரெண்டாம் மாசம் அரை மரக்கா வந்துச்சி. மூணாம் மாசம் நெல்லு வரல, மாசானம்தான் வந்தான். "வாடகையா? யாரு வீட்டுக்கு யாரு வாடகை குடுக்கிறது? நீதான் வாய் வார்த்தையா எனக்கு வித்துட்டியே, கையில காசு வாங்கிக்கிட்டியே"ன்னான்.

சீனியம்மா ஓடுனா, ஓடுனா, அரமணைக்கு ஓடுனா. ராசா ரெண்டு பேரையும் நிக்க வெச்சி, "வித்தியாம்மா?"ன்னாரு. "விக்கல சாமி." "வாங்குனியாப்பா?" "வாங்குனேன் சாமி." "ஓலை இருக்கா?" "இல்ல சாமி"ன்னு ரெண்டு பேருஞ் சொன்னாங்க. ராசா தலையச் சொறிஞ்சாரு. அப்பறம், சரி, வீட்டப் பாத்துட்டே சொல்றேன்னு கெளம்பி வந்துட்டாரு.

வந்து கூடத்துல பாய் விரிச்சி உக்காந்தாரா, அந்நேரம் பாத்து மழை புடிச்சிக்கிடுச்சி. ஐப்பசி மழை, ஊத்து ஊத்துன்னு ஊத்துது. கொரங்கு மிதிச்சி ஓடு ஒடஞ்சி கெடந்துருக்கு, மாசானம் கண்டுக்கவே இல்ல. சொட்டுன்னு ராசா மடியில விழுந்துச்சி. "இப்பிடி நகந்து உக்காருங்க சாமி"ன்னு மாசானம் பாய இழுத்தான். அங்கயும் சொட்டுச்சி, மறுபடியும் இழுத்தான். மூணாவது இழுப்புல ராசா வாசப்படிக்கே வந்துட்டாரு.

சீனியம்மாவ எங்க? ஆளக் காணோம். மொத சொட்டு விழுந்தப்பவே அவளுக்கு வழக்கும் மறந்துபோச்சி, ராசாவும் மறந்துபோச்சி. சேலைய வரிஞ்சி கட்டிக்கிட்டு, ஏணியச் சாத்தி, கூரை மேல ஏறிட்டா. "ஐயோ, மரமெல்லாம் ஊறிருமே, செவத்துல ஓதம் ஏறிருமே"ன்னு பொலம்பிக்கிட்டே, தொப்பலா நனைஞ்சிக்கிட்டே, ஒடஞ்சத உருவிட்டு நல்ல ஓடா சொருகுறா.

ராசா அண்ணாந்து பாத்தாரு, உள்ள திரும்பிப் பாத்தாரு, வயித்தப் புடிச்சிக்கிட்டுச் சிரிச்சாரு.

"ஏன்டா மாசானம், வீடு ஒழுகுச்சே, நீ என்ன செஞ்ச?"

"பாய நகத்துனேன் சாமி."

"அவ என்ன செஞ்சா?"

மாசானம் பாயச் சுருட்ட ஆரம்பிச்சான்.

"எறங்கி வாம்மா"ன்னாரு ராசா. "இருக்க வந்தவன் பாய நகத்துவான், கட்டுனவதான் கூரையில ஏறுவா. வீடு உன்னுது."

சீனியம்மா கூரையில உக்காந்தே அழுதா, அழுதுக்கிட்டே சிரிச்சா. அடுத்து ஒரு கொல்லன் குடும்பம் வீடு கேட்டு வந்துச்சி. இவ அவங்க பழைய வீட்டுக்கே நடந்துபோயி, அடுப்படியப் பாத்தா, அக்கம்பக்கத்துல விசாரிச்சா, ஓலை எழுதி ஆவுடையச் சாட்சி வெச்சா. "ஒழுகுனா ஒடனே சொல்லுங்க, நான் பாத்துக்கிடுறேன்"னு சொல்லித்தான் சாவியக் குடுத்தா. வீடு குடுக்கிறவங்க அப்பிடித்தான் குடுக்கணும்.

மாசானத்த ராசா சும்மா விட்டாரா? அந்த வருச மழை முடியிற மட்டும் ஊர்ல எந்த வீடு ஒழுகுனாலும் அவன்தான் ஏறணும்னுட்டாரு. கீழத்தெருவுல "மாசானம், இங்க சொட்டுது"ங்கிறாங்க, மேலத்தெருவுல "மாசானம், இங்க ஊத்துது"ங்கிறாங்க. அவன் இன்னும் கூரைய விட்டு எறங்கல. நான் கதைய எறக்கி வெச்சிட்டேன், போய்ப் படுங்க.