பவளம் அடிச்ச மணி

"பல்லு தேய்ச்சா ரத்தம் வருது, அதான் தேய்க்கல."

ஆஹா! அப்போ பாத்திரம் கறுப்பானா விளக்க வேண்டாம், வீடு குப்பையானா கூட்ட வேண்டாம். சொல்ல வேண்டியதைச் சொல்லிட்டு உங்கப்பா அந்தப் பக்கம் திரும்பிப் படுத்தாச்சு. ஷைனி, நீ இந்தப் பக்கம் வா. கதை உனக்குத்தான். வேற யார் காதுலயாவது விழுந்தா அது அந்தக் காதோட பாடு.

ஒரு வாயில ஒரு கடைவாய்ப் பல்லு. அந்தப் பல்லைச் சுத்தி ஈறுத் தெரு. தெரு முழுக்கப் பொடிப் பொடியா உயிரணுக்கள், சுவரோட சுவர் ஒட்டிக் குடியிருந்துச்சு. அதுல முதல் வீட்டுக்காரி பவளம். பல்லோட இடுப்பைக் கட்டிப் பிடிச்சுக்கறதும், வேண்டாதவன் எவனாவது வந்தா மோப்பம் பிடிச்சு மணி அடிக்கறதும் அவ வேலை. கேக்கறியா?

"ம்."

அந்த வாய்க்குச் சொந்தக்காரர் ஒரு பெரிய மனுஷர். ஷூவுக்குத் தினமும் பாலிஷ் போடுவார். பல்லு விஷயத்துல மட்டும் ரொம்பத் தாராளம், வந்தவன் எல்லாம் தங்கலாம்.

"அப்பாவா?"

யாராவது பேர் சொன்னாங்களா? அப்புறம் ஒரு நாள் பல் இடுக்குல கிருமி ஒண்ணு குடி வந்துச்சு. பேரு சாந்தமூர்த்தி. வந்ததும் ஒரு கும்பிடு. "அம்மா, நான் ஓரமா இருந்துக்கறேன், சத்தமே போட மாட்டேன்." பவளம் மோந்து பார்த்தா. குப்புனு நாத்தம். "நீ போடாட்டி என்ன, நான் போடறேன்"னு டங் டங் டங்னு மணி அடிச்சா. அப்போ வெள்ளையணுப் படையில நாலு பேர் தடதடனு ஓடி வந்தாங்க, தெரு சிவந்து போச்சு. பெரிய மனுஷர் கண்ணாடியில பார்த்தார். "நேத்து மீன் குழம்புல காரம் ஜாஸ்தி"ன்னுட்டார். பழி யார் மேல பாரு, சமைச்சவ மேல!

சாந்தமூர்த்தி சும்மா இருப்பானா? பவளம் வீட்டுக்குள்ளேயே நைசா நுழைஞ்சு, மணி நாக்குல துணியைச் சுத்திட்டான். அவ இழுக்கறா, இழுக்கறா, தொப் தொப்னுதான் சத்தம். அந்த அமைதியில அவனோட உறவு மொத்தமும் மூட்டை முடிச்சோட வந்து இறங்கியாச்சு. அப்புறம் பக்கத்து வீட்டுக்காரிங்க எல்லாம் சேர்ந்து கத்தி, தெருவே வீங்கிப் போச்சு. பெரிய மனுஷர் என்ன சொன்னார்? "உடம்பு சூடு. இளநி குடிச்சா அடங்கிடும்."

அப்போ முழுப் படையும் வந்துச்சு பாரு, லேட்டா, கோவமா. யார் திருடன், யார் குடித்தனக்காரன்னு கேள்வியே கிடையாது. அமிலத்தை வீசுது, சளார் சளார்! பவளத்தோட சுவர் பொத்தல். பல்லு ஊனியிருந்த எலும்பு பொடிப்பொடி. "ஐயா, அவன் அந்தப் பக்கம் நிக்கறான்!"னு கத்தறா. "நடவடிக்கை எடுத்துட்டு இருக்கோம், குறுக்க வராதம்மா." சாந்தமூர்த்தி இடிஞ்ச சுவத்துல சாய்ஞ்சு உக்காந்து, ஒழுகற ரத்தத்தை உறிஞ்சிக்கிட்டே, "நல்லா அடிங்க சார்"ங்கறான். கலவரம் நடந்தாத்தான் அவனுக்குச் சாப்பாடே. கேக்கறியா?

"...ம்."

மணி போச்சு, சுவர் போச்சு. பவளத்துக்கு மிச்சம் இருந்தது ஒரே வழி. பிரஷ் வந்து பட்டதும், ஒழுகற ரத்தத்தை அதுலயே பளிச்சுனு காட்டினா. "பாருங்கய்யா, இந்தக் கூட்டத்தைக் கலைக்க பிரஷ்தான் வேணும். இன்னும் கொஞ்சம் தேய்ங்க!" பெரிய மனுஷர் பார்த்தார். நல்லாவே பார்த்தார். பார்த்துட்டு, பிரஷைக் கழுவி கப்புல நட்டு வச்சுட்டார். சாந்தமூர்த்தி அன்னைக்கே பால் காய்ச்சிட்டான்.

அப்புறம் பல்லு லொட லொடனு ஆட ஆரம்பிச்சுது. பக்கத்து வீட்டுக்காரிங்க ஒவ்வொருத்தியா கையை விட்டுட்டாங்க. பவளம் மட்டும் விடல. சுளீர்னு ஒரு வலி கொடுத்தாலாவது அந்த மனுஷன் திரும்பிப் பார்ப்பார். அதுக்குக்கூட அவகிட்ட வழியில்ல. அடியில எலும்பு இல்லாம, அவ ஒருத்தி எத்தனை நாள் பிடிச்சுக்கிட்டு நிப்பா...

"ம்"மைக் காணோமே. சரி. பல்லு இன்னும் விழல, கதை அது வரைக்கும்தான். கண்ணு மூடியாச்சு, கதையும் படுத்தாச்சு.

ஏங்க. காலையில பல் டாக்டர்கிட்ட போயிட்டு வரலாமா? நானும் கூட வர்றேன்.

ஏங்க?